சாவடிப் போர்வை

அன்னக்கொடிக்கு வாய் பெரிது. ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். நாகமலைக்கு மேற்கே புஞ்சைக்காட்டுக்கு நடுவில் கிடந்த சின்ன ஊர் அது. மத்தியான வெயில் சாய்ந்ததும் களத்துமேட்டில் பொம்பளைகள் கூடிப் பழந்துணி தைப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவளைத் தலைவி என்று யாரும் பட்டம் கட்டவில்லை. அவளே கட்டிக்கொண்டாள். ஊசி குத்தி விரலில் ரத்தம் வந்தாலும், "துணியில படாமத் தொடைச்சுட்டுத் தையிடி" என்பாள். அவ்வளவுதான் அவளிடம் கிடைக்கும் பரிவு.

அவர்கள் தைத்தது போர்வை. கிழிந்த சேலை, நைந்த வேட்டி, எதுவானாலும் தோய்த்துக் காயவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து அடுக்கு விரித்து, மூலைக்கு ஒரு கல்லைத் தூக்கி வைப்பார்கள். மேலே வண்ணத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, கோணி ஊசியால் ஓட்டுத்தையல் ஓட்டி, ஓரத்திலிருந்து நடுவுக்கு வருவார்கள். வண்ணத் துண்டு மதுரையிலிருந்து வரும். விறகோ முருங்கைக்காயோ தலையில் சுமந்து டவுனுக்குப் போகிற நாளில் புதுமண்டபத்துத் தையல்காரர்களிடம் அன்னக்கொடி போய் நிற்பாள். நாலு காயைக் கொடுத்துவிட்டு, வெட்டி எறிந்த துண்டையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வருவாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, சாமிக்குத் தைத்தது போக மிச்சம். அது இவர்கள் ஊர் ஆம்பளைகள் மேல் ஏறும்.

ஆம்பளைகளுக்கு அப்படி என்ன போர்வை வேண்டிக்கிடந்தது என்றால், அது ரேகைச் சட்டம் நடந்த காலம். பிறந்த குலத்தைப் பார்த்தே ஆளைத் திருடன் என்று முடிவு கட்டிய சட்டம். விளங்காத சட்டம். மீசை அரும்பினவன் ஒவ்வொருத்தனும் கைரேகை கொடுக்க வேண்டும். பொழுது இறங்குவதற்குள் போலீஸ் ஸ்டேசனை ஒட்டின சாவடிக்குப் போய், பேர் கூப்பிட்டதும் எழுந்து நின்று குரல் கொடுத்து, விடிகிறவரை அங்கேயே கிடக்க வேண்டும். வெளியூரில் ஒரு ராத்திரி தங்க வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு கொடுப்பதும் கொடுக்காததும் அதிகாரியின் அன்றைய வயிற்றைப் பொறுத்தது. கல்யாணமான மறுநாளே மாப்பிள்ளையைச் சாவடிக்கு அனுப்பிவைத்த ஊர் அது. மார்கழியில் அந்தக் கல்தரை எலும்புவரை இழுக்கும். அதற்குத்தான் போர்வை.

தைப்பதில் ஒரு சட்டம் உண்டு. அது அன்னக்கொடி போட்டது. ஒரு சமயம் மலையம்மாளுக்குக் காய்ச்சல் என்று, பாதியில் நின்ற போர்வையை முனியாயி எடுத்துத் தைத்து முடித்துக் கொடுத்தாள். நல்ல காரியம்தான். மலையம்மாள் எழுந்து வந்து களத்தில் ஆடித் தீர்த்துவிட்டாள். "ராவெல்லாம் எம்புருசன் மேல கெடக்குற துணியில இவ கை எதுக்குடி?" என்று ஒரே கூப்பாடு. இரண்டு பேரும் கொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்னக்கொடி நடுவில் புகுந்து விலக்கி, அன்றைக்கே சொல்லிவிட்டாள்: துணி பொது, நூல் பொது, உட்காருகிற இடம் பொது. ஆனால் அவளவள் ஆளுக்கு அவளவள்தான் ஊசி போட வேண்டும். கட்டினவன் இல்லாதவனுக்கு ஆத்தாளோ அக்காளோ. அடுத்தவள் போர்வையில் கை வைத்தால் கூட்டத்திலிருந்து வெளியே. அதற்குப் பிறகு சண்டை வரவில்லை. ஆம்பளைகளுக்கும் அது பழகிப்போனது. தன் பெண்சாதி போட்ட ஒட்டைப் பார்த்தே தன் போர்வையை எடுப்பார்கள். மாற்றி எடுத்தால் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள்.

அன்னக்கொடிக்கு ஒரே மகள், சின்னத்தாய். பல் விழுந்து முளைக்கிற வயசாகியும் காது குத்தவில்லை. குத்துவதென்றால் மாசிச் சிவராத்திரிக்கு மறுநாள், அவள் புருசன் சிவனாண்டியின் குலதெய்வம் கருப்பு கோயிலில் குத்த வேண்டும். கோயில் ஒருநாள் நடைதூரத்தில் மலையடிவாரத்தில் இருந்தது. பிள்ளையை மடியில் வைக்கத் தாய்மாமன் வேண்டும். சொந்த மாமன் என்று இருந்தவன் அவள் தம்பி விருமாண்டி ஒருத்தன்தான். ஒரு வருசம் அவன் சந்தேகக் கேசில் உள்ளே இருந்தான். மறுவருசம் சீட்டு கிடைக்கவில்லை. மாமியார் சும்மா இருப்பாளா? "மாமன் மடி இல்லாத பிள்ளைய எவன் வந்து கட்டுவான்? பெறந்த வீட்டுல நாதி இல்லாதவளத்தான எம்மகனுக்குக் கட்டிவச்சேன்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரையே வாயால் அடக்குகிற அன்னக்கொடி, மாமியாருக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

அந்த வருசமும் கார்த்திகையிலேயே சீட்டுக்குப் போய் நின்றார்கள். சிவனாண்டிக்குக் கிடைத்தது. விருமாண்டிக்கு இல்லை.

"பிள்ளையப் பெத்த அப்பன் போறான்ல? மாமன் எதுக்குய்யா?" என்றார் அதிகாரி.

மாமன் எதற்கு என்று கேட்கிறவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? "அப்பன் மடியில வச்சுக் குத்துறது எங்க பக்கம் வழக்கமில்லைங்க" என்றான் சிவனாண்டி. அதிகாரிக்கு அது காதிலேயே ஏறவில்லை.

அன்னக்கொடி அழவில்லை. மறுநாள் களத்தில் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "சாவடியில ஏட்டு எப்புடிடி ஆள் எண்ணுறான்?"

பேர் கூப்பிடுவது பொழுது சாய. அதற்கப்புறம் ஒரு தடவை லாந்தரை எடுத்துக்கொண்டு போர்வை போர்வையாகப் பார்த்துக்கொண்டு போவார். எந்தப் போர்வை சுருண்டு கிடக்கிறதோ அந்த ஆள் இல்லை. இவ்வளவுதான் கணக்கு. சொன்னவள் விருமாண்டியின் பெண்சாதி முத்துத்தாய்.

"அப்ப ஆளுக்கொரு போர்வை இருக்குறதுனாலதான வெனை? சாவடி நீளத்துக்கு ஒரே போர்வையாத் தச்சுப்புடுவோம். அம்புட்டுப் பேரும் ஒண்ணா இழுத்து மூடிப் படுக்கட்டும். பேரு குடுத்துட்டு ஒருத்தன் நழுவிட்டாலும் மத்தவங்கெ நெருங்கிப் படுத்தா எவனுக்குத் தெரியும்?" என்றாள் அன்னக்கொடி.

மலையம்மாள், "ஆத்தாடி, உனக்கு எங்கெருந்து மதினி இம்புட்டுப் புத்தி?" என்றாள். அன்னக்கொடிக்கு அது பிடித்திருந்தது. முகத்தில் காட்டவில்லை.

சிவனாண்டி போய் ஏட்டிடம் பக்குவமாகச் சொன்னான். தனித்தனியாகத் தைக்கத் துணி போதவில்லை, ஒன்றாகப் போட்டால் குளிர் இடுக்கில் நுழையாது என்று. ஏட்டுக்கு ஆட்சேபணை இல்லை. தினமும் மூட்டை மூட்டையாக அள்ளிப்போடுகிற குப்பை ஒழிந்தது என்று நினைத்திருப்பார். சாவடியைக் கயிறு போட்டு அளந்து வந்தார்கள். இருந்த பழைய போர்வைகளையெல்லாம் பிரித்துக் களம் முழுக்க விரித்தார்கள். கோழியும் ஆடும் அதில் ஏறாமல் விரட்டுவதற்கே தனியாக ஆள் வேண்டியிருந்தது. மார்கழி முழுக்கத் தையல்தான். களையெடுக்கப் போய்விட்டு வந்து, கைகூடக் கழுவாமல் ஊசியை எடுத்தார்கள். யாரும் இழுபறி பண்ணவில்லை. ஒவ்வொருத்திக்கும் அண்ணன் தம்பி இருந்தான். ஒவ்வொருத்தி பிள்ளைக்கும் ஏதோ ஒரு காரியம் மாமன் இல்லாமல் நின்றது.

எல்லாம் சரி. தைத்தது எப்படி? அன்னக்கொடி சட்டப்படி. அவளவள் ஆள் படுக்கிற இடத்துக்கு அவளவள் ஊசி. மலையம்மாள் தன் பங்குக்கு மஞ்சள் ஒட்டு போட்டாள். முனியாயி பச்சைக் கட்டம். முத்துத்தாய்க்கு மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. நாத்தனார் வீட்டு விசேசத்துக்குப் போகப்போகிற ஆளல்லவா தன் புருசன்? தன் கல்யாணச் சேலையின் அரக்குச் சிவப்பு முந்தியையே வெட்டி அவன் பங்குக்கு மேலே போட்டுத் தைத்தாள். அன்னக்கொடி தடவிப் பார்த்து, "நல்லாருக்குடி" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதற்காகவே சிலர் வருசக்கணக்கில் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளை மறைக்கத் தைக்கிற போர்வையில், இன்னார் இடம் இதுதான் என்று கலர் கலராக அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை. வழக்கம் என்று வந்துவிட்டால் கண் அவிந்துபோகும் போலிருக்கிறது.

சிவராத்திரிவரை யாரும் நழுவக்கூடாது என்று அன்னக்கொடி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே சோதித்துப் பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று. சிவராத்திரி அன்று விருமாண்டி பேர் கொடுத்துவிட்டு, இருட்டினதும் பின்பக்கமாக இறங்கி, ஓடைக்குள்ளேயே நடந்து, விடிகிற நேரத்துக்குக் கருப்பு கோயிலில் வந்து நின்றான். தோளில் சீர்த்துணி. கால் முழுக்க முள். அன்னக்கொடி அவனைப் பார்த்ததும், "வந்துட்டியாடா?" என்று மட்டும் கேட்டாள். மாமியார் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சேர்த்துவைத்த பதிலெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

பிள்ளைக்கு மொட்டை போட்டுக் குளிப்பாட்டி, மாமன் கொண்டுவந்த சிவப்புப் பாவாடையைக் கட்டி, மடியில் உட்கார்த்தினார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்தித் தங்கக் கம்பியை முறுக்கினார். சின்னத்தாய் போட்ட சத்தத்தில் கொட்டுச் சத்தம் அமுங்கிப்போனது. வெல்லத்தை வாயில் திணித்து, மறுகாதுக்குத் தலையைத் திருப்பினபோது, ஆலமரத்துப் பக்கம் ஏட்டு வந்துகொண்டிருந்தார். கூட இரண்டு போலீஸ்காரர்கள்.

எங்கே போயிருப்பான் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. சீட்டுக் கேட்கும்போதே கோயில் பேரைச் சொல்லித்தான் கேட்டிருந்தார்கள்.

"எந்திரிடா" என்றார் ஏட்டு.

"இன்னொரு காது இருக்குய்யா" என்றாள் அன்னக்கொடி. அவள் யாரிடமும் அப்படிக் கெஞ்சி ஊர் பார்த்ததில்லை.

"ஒரு காது குத்தியாச்சுல்ல? நட."

விருமாண்டி ஓடவில்லை. ஓடினால் சாவடியில் இருக்கிற மற்றவர்கள் முதுகு உரியும். "அக்கா, பிள்ளைய வாங்கிக்க" என்று மடியிலிருந்து தூக்கிக் கொடுத்துவிட்டு எழுந்தான். மாமியார் பதறிப்போய், அன்னக்கொடிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையாகிற ஒருத்தனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, அவன் மடியில் வைத்து மிச்சத்தை முடித்துவிடலாம் என்றாள். ஆசாரியும் கம்பியைக் கையில் பிடித்தபடி பார்த்தார்.

"வேணாம். ஒரு காதுக்கு ஒரு மாமன், மறுகாதுக்கு வேற மாமனா? எந்தம்பி வாரப்ப வரட்டும்" என்றாள் அன்னக்கொடி. பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்கு நடந்தாள். வழியெல்லாம் அழுதாள். சத்தமாகவே அழுதாள்.

நடந்தது என்ன என்பதை மறுநாள் ஆம்பளைகள் சொன்னார்கள். விருமாண்டி போனதும் நெருங்கிப் படுக்கத்தான் பார்த்தார்கள். ஆனால் இந்தப் பக்கம் படுத்தவனும் நகரவில்லை, அந்தப் பக்கம் படுத்தவனும் நகரவில்லை. நகர்ந்தால் முத்துத்தாய் சேலைக்கு அடியில் போக வேண்டும்.

"அடுத்தவன் பொண்டாட்டி கல்யாணச் சேலைக்குள்ள போயி எப்புடி மதினி படுக்குறது?" என்றான் மலையம்மாள் புருசன் நல்லகாமன், தரையைப் பார்த்துக்கொண்டு. மற்றவர்களும் தலையைத் தொங்கப்போட்டார்கள். இத்தனை மானஸ்தர்களைத்தான் சர்க்கார் திருடர்கள் என்று அடைத்துவைத்திருந்தது. ஏட்டு லாந்தரோடு வந்தபோது போர்வை முழுக்க ஆள் மேடு தட்டியிருக்க, சீட்டு வாங்கிப் போன சிவனாண்டி பங்கு போக, நடுவில் அரக்குச் சிவப்பு மட்டும் சப்பென்று கிடந்திருக்கிறது. "இந்தச் செவப்பு எவன்?" என்று கேட்டிருக்கிறார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திறக்கவும் வேண்டியிருக்கவில்லை, மறுபடி பேர் கூப்பிட்டதுமே தெரிந்துவிட்டது.

விருமாண்டிக்கு ஆறு மாசம் போட்டார்கள். முத்துத்தாய் களத்துக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நாந்தான் கெடுத்தேன், எஞ்சேலைதான் காட்டிக் குடுத்துருச்சு."

"ஒப்பாரிய நிறுத்துடி. சேலையப் போட்டவ நீ. சட்டத்தப் போட்டவ நானு" என்றாள் அன்னக்கொடி. போர்வையின் ஒரு நுனியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். "இனிமே எவளும் தன் ஆளுக்குத் தைக்கக் கூடாது. மலையம்மா, நீ முனியாயி துண்ட எடு. முனியாயி, நீ முத்துத்தாயி துண்ட எடு. எல்லாத்தயும் கலந்து போடுங்க. எவ ஒட்டு எங்க கெடக்குன்னு எனக்கே தெரியக் கூடாது."

மலையம்மாள் வாயைத் திறந்தாள். அன்னக்கொடி ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் மூடிக்கொண்டாள். ஆம்பளைகள் முணுமுணுத்தார்கள். கண்ட கண்ட பொம்பளை தைத்ததற்குள் படுக்கச் சங்கடமாக இருக்கிறது என்றார்கள். "அப்பக் குளுருல கெடங்க" என்று பதில் போனது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. சங்கடமெல்லாம் மாசிப் பனிக்கு முன்னால் நிற்குமா? அந்த வருசம் கலந்து தைத்த போர்வைக்கு அடியிலிருந்து நல்லகாமன் தங்கச்சி வீட்டு விசேசத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வந்தான். முனியாயி புருசனும் போய்வந்தான். லாந்தருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

விருமாண்டி ஆவணியில் வெளியே வந்தான். இளைத்துக் கறுத்துப்போயிருந்தான். சின்னத்தாய் அதுவரை ஒற்றைக்காதில் கம்பியோடுதான் திரிந்தாள். கூட விளையாடுகிற பிள்ளைகள் "ஒத்தக்காதி" என்று கூப்பிட்டன. மாமியார் கூப்பிடவில்லை. அவளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"மாசி வரட்டும் மதினி. இப்பத்தான் போர்வையில அடையாளம் தெரியாதுல்ல? போன தடவ மாதிரி ஆகாது" என்றாள் முத்துத்தாய்.

அன்னக்கொடி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "எந்தம்பி எம்பிள்ளைய மடியில வைக்கிறதுக்குத் திருட்டுத்தனமா வரணுமாடி? திருடன்னு அவங்கெ சொல்ற பேர நாமளே நெசமாக்குன மாதிரில்ல ஆயிரும்? ஒளிஞ்சு வந்தது ஒரு காதுக்குப் போதும்."

"அப்ப மறுகாது?"

"நாம போவோம்."

ஐப்பசியில் ஒரு நாள், பொழுது சாய்கிற நேரம். ஆம்பளைகள் சாவடியில் வந்து வரிசையாக உட்கார்ந்தாயிற்று. ஊர்ப் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது. முன்னால் ஆசாரி, பின்னால் தட்டு ஏந்தின பொம்பளைகள். தைக்கிற கூட்டம் ஒன்று பாக்கியில்லாமல் வந்தது. தட்டில் பழம், வெல்லம், பூ. நடுவில் அன்னக்கொடி, இடுப்பில் சின்னத்தாய். தூக்குகிற வயசைத் தாண்டிய பிள்ளைதான். அன்றைக்கு அவள் இறக்கிவிடவில்லை. கடைசியில் மாமியார், மூச்சு வாங்கிக்கொண்டு.

ஏட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். "ஏய், என்ன இது? இது சர்க்கார் சாவடி, தெரியும்ல?"

"தெரியும்யா. எங்க வீட்டு ஆம்பளைக அம்புட்டுப் பேரும் பொழுது விழுந்தா இங்கதான கெடக்காக? மாமன் அங்க வந்தாக் குத்தம்னீக. அதான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு நாங்க வந்துட்டோம். கருப்பு கோயில்ல ஒரு காது குத்தியாச்சு, மறுகாது இங்கதான். ஓடிப் போகல, ஒளிஞ்சு போகல. சீட்டும் வேணாம்."

ஆம்பளை வெளியே போனால் என்ன செய்வது என்று ஏட்டுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விசேசம் உள்ளே வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "சீக்கிரம் முடிச்சுட்டுக் கெளம்புங்க, பேர் கூப்புடணும்" என்று எரிந்து விழுந்தார்.

"கூப்புடுங்கய்யா, யாரு வேணாம்னது?" என்றாள் அன்னக்கொடி.

விருமாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஊசியை எடுத்தார். அங்கே ஏட்டு வீம்புக்கு உரக்கப் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொருத்தனாக எழுந்து நின்று குரல் கொடுத்தான். நல்லகாமன் எழுந்தான், உட்கார்ந்தான். அடுத்தவன் எழுந்தான். ஆசாரி குத்தினார். பிள்ளை அலறிக்கொண்டு மாமன் கழுத்தைக் கட்டிப் பிடித்தது.

"விருமாண்டி!"

பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும். நிற்காதவனுக்கு என்ன நடக்கும் என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். கொட்டு நின்றது. அன்னக்கொடி தம்பியைப் பார்க்கவில்லை. ஏட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசாரியின் கை கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தது. விருமாண்டி அசையாமல், பிள்ளையின் முதுகை ஒரு கையால் அணைத்தபடி, உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தான்.

"இருக்கேன்யா."

ஏட்டு அவனையும் மடியில் இருந்த பிள்ளையையும் பார்த்தார். பிறகு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.